லண்டனுக்கு எத்தனை விசில்?

சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 8,230 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. வகுத்தால் ஒன்பது மணி நேரமும் சில நிமிடங்களும் வரும். ஆனால் எங்கும் நிற்காமல் போகும் விமானத்தின் டிக்கெட்டில் ஏறக்குறைய பதினொரு மணி நேரம் என்று போட்டிருக்கும். அதே விமானம் லண்டனிலிருந்து திரும்பும்போது பத்து மணி நேரத்தை ஒட்டி வந்து சேர்ந்துவிடும். தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியானால் போகும்போது இரண்டு மணி நேரம் எங்கே கரைகிறது? வரும்போது அதில் பாதி எப்படித் திரும்பக் கிடைக்கிறது?

இந்தக் கணக்கு குக்கர் வைக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். "சாதத்துக்கு எத்தனை விசில்?" என்று கேட்டால் "மூணு" என்று பதில் வரும். விசிலுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஆறு நிமிடத்தில் சாதம் தயாராகிவிட வேண்டும். ஆவதில்லை. அடுப்பைப் பற்றவைத்து, தண்ணீர் சூடாகி, ஆவி கட்டி, முதல் விசில் வருவதற்கே பத்து நிமிடம் போய்விடும். அடுப்பை அணைத்த பிறகு ஆவி அடங்க இன்னொரு பத்து நிமிடம். அரிசியைக் குக்கரில் போட்டதிலிருந்து சாதம் தட்டுக்கு வரும்வரை அரை மணி நேரம் ஆகிறது. அதில் விசில் கேட்கும் நேரம் கொஞ்சம்தான்.

விமானப் பயணத்துக்கும் இதே மூன்று கட்டங்கள் உண்டு. ஏறுவதற்கு முன்னும் ஏறும்போதும் ஆகும் நேரம், உச்சத்தில் சீராகப் பறக்கும் நேரம், இறங்கி ஓய்ந்து நிற்கும் நேரம். 8,230ஐ 900ஆல் வகுப்பவர் விசிலை மட்டும் எண்ணுகிறார்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சாதத்துக்கு மூன்று விசில், கொண்டைக்கடலைக்கு ஏழெட்டு விசில். ஆனால் முதல் விசில் வர ஆகும் நேரமும், கடைசியில் ஆவி அடங்க ஆகும் நேரமும் இரண்டுக்கும் பெரிதாக மாறுவதில்லை. நடுவில் உள்ள விசில்தான் கூடுகிறது, குறைகிறது. சென்னையிலிருந்து பெங்களூரு விமான நிலையம் 270 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். அட்டவணையில் ஒரு மணி நேரம், சில நேரம் அதற்கும் மேலே ஐந்து பத்து நிமிடம். டெல்லி 1,760 கிலோமீட்டர். பெங்களூருவைப்போல் ஆறரை மடங்கு தூரம். நேரமோ மூன்று மடங்குகூட இல்லை, இரண்டே முக்கால் மணியைச் சுற்றித்தான். பெங்களூரு விமானத்தின் சராசரி வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர் அளவில் நிற்கிறது, டெல்லி விமானத்தினுடையது 600ஐத் தாண்டுகிறது. இரண்டு தடத்திலும் ஒரே மாதிரி விமானம்தான் பறக்கிறது. பெங்களூருக்கு ஒரே ஒரு விசில், அவ்வளவுதான்.

பெங்களூரு விமானத்தில் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் பணிப்பெண்கள் தள்ளுவண்டியோடு விரைந்து வருவார்கள். பின்வரிசைக்கு வந்து சேர்வதற்குள் விமானி இறங்கப்போவதாக அறிவித்துவிடுவார். ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்கிவிடுகிறது விமானம். சீராகப் பறப்பதற்கு அந்தத் தடத்தில் இடமே கிடையாது.

நூலைப் பிடித்து அளந்தால்

தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். பூமி உருண்டை. அதன் மையத்தில் நின்று ஒரு கையைச் சென்னைக்கும் இன்னொரு கையை லண்டனுக்கும் நீட்டினால் இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள கோணம் ஏறக்குறைய 74 பாகை. மேற்பரப்பில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். பெருக்கினால் 8,200 சொச்சம். அந்த ஒரு பாகையை அறுபதாகப் பங்கிட்டால் கிடைப்பதுதான் விமானிகளும் மாலுமிகளும் கணக்கு வைக்கும் கடல் மைல். அதன் நீளம் 1.852 கிலோமீட்டர்.

வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் எடுத்து, சென்னையில் ஒரு விரலையும் லண்டனில் ஒரு விரலையும் வைத்து நடுவே நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். சுவரில் மாட்டிய உலகப்படத்தில் இதே இரண்டு ஊருக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரபிக்கடல், ஓமான் வளைகுடா, ஈராக், துருக்கி என்று போகும். நூல் அப்படிப் போகாது. மகாராஷ்டிரத்தைத் தாண்டி, கட்ச் வளைகுடாவின் வடக்கே, பலூசிஸ்தானின் பாலை, கிழக்கு ஈரான், காஸ்பியன் கடல், அஜர்பைஜான், காகசஸ் மலைத்தொடர், தென் ரஷ்யா, அசோவ் கடல், உக்ரைன், போலந்தின் தென்கோடி, ஜெர்மனி என்று வடக்கே வளைந்து போகும். வளைந்து தெரியும் இதுதான் குறுக்குவழி. படத்தில் நேராகத் தெரிவது 8,480 கிலோமீட்டர் அளவில் வரும், அதாவது நூலைவிடச் சுமார் 250 கிலோமீட்டர் கூடுதல்.

அந்த நூல் போகும் இடங்களின் பெயர்களை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். எங்கே சிக்கல் இருக்கிறது என்று புரிந்துவிடும். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யாவுடன் போர் தொடங்கியதும் உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2014 ஜூலை 17 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்துகொண்டிருந்த மலேசிய விமானம் கிழக்கு உக்ரைனின் மேலே சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். அன்று அந்த விமானமும் ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் வழக்கமான தடத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. பாகிஸ்தான் வான்வெளி 2019 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டு ஜூலை நடுவில்தான் முழுமையாகத் திறந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமான நிறுவனங்களுக்கு மட்டும் மீண்டும் மூடப்பட்டது. ஈரானுக்கும் ஈராக்குக்கும் மேலே பதற்றம் ஏறும்போதெல்லாம் அங்கேயும் விமானங்கள் விலகிப் போகின்றன.

எனவே நூல் போகும் பாதையில் விமானம் போக முடியாது. தெற்கே இறங்கி வளைகுடா வழியாகவோ, துருக்கி வழியாகவோ சுற்றித்தான் போகிறது. ஒவ்வொரு நாளும் விமானம் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு, விமான நிறுவனத்தின் பறப்புத் திட்டப் பிரிவு அன்றைய காற்றையும், மூடிய வான்வெளிகளையும், ஒவ்வொரு நாடும் தன் தலைக்கு மேலே பறக்க வசூலிக்கும் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்து ஒரு தடத்தைத் தீர்மானிக்கிறது. நேற்று போன வழியில் இன்று போக வேண்டும் என்பதில்லை. 8,230 என்ற எண் 8,600, 8,700 என்று நீள்வது சாதாரணம். கூடுதலாக வரும் ஒவ்வொரு நானூறு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட அரை மணி நேரம்.

டெல்லியிலிருந்தும் அமிர்தசரஸிலிருந்தும் மேற்கே போகிறவர்களை இந்த மூடல் இன்னும் கடுமையாகத் தாக்குகிறது. அவர்களுக்குப் பாகிஸ்தான் பக்கத்து வீடு. அந்தக் கதவு மூடினால் தெற்கே அரபிக்கடல்வரை இறங்கித்தான் மேற்கே திரும்ப வேண்டும். 2025 மூடலுக்குப் பிறகு இந்தியாவிலிருந்து வட அமெரிக்கா போன சில விமானங்கள் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இரண்டு அரசுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்த நேரத்தை வயதான தாய் தகப்பன்தான் நாற்காலியில் உட்கார்ந்து கழிக்கிறார்கள். தூரத்தை மட்டும் சொல்லும் எந்த எண்ணும் இதைக் காட்டுவதில்லை.

முதல் விசில் வரும்வரை

பயண நேரத்தின் கடிகாரம் விமானம் மேலெழும்பும்போது ஓடத் தொடங்குவதில்லை. வாசலிலிருந்து டிராக்டர் விமானத்தைப் பின்னால் தள்ளும் நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து மறுமுனையில் இன்னொரு வாசலில் நின்று பிரேக் போடும்வரை உள்ளதைத்தான் பிளாக் டைம் என்பார்கள். டிக்கெட்டில் இருப்பது இந்த நேரம்.

சென்னை மீனம்பாக்கத்தில் பின்னால் தள்ளி, இன்ஜினைக் கிளப்பி, ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்து போய், முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருந்தால் கால் மணி நேரம் போய்விடும். நெரிசலான நேரமென்றால் இன்னும் கூடும். விமானங்கள் எதிர்காற்றில்தான் மேலெழும்பும். இறக்கையைச் சுற்றிக் காற்று வேகமாகப் பாய்ந்தால் குறைந்த ஓட்டத்திலேயே தூக்கிவிடும். அதனால் சென்னையில் கிழக்குக் காற்று வீசும்போது விமானங்கள் பிரதான ஓடுபாதையில் கிழக்கு நோக்கி ஓடி, கிண்டியையும் அடையாற்றையும் ஒட்டிக் கடலைப் பார்த்து ஏறுகின்றன. லண்டன் இருப்பது வடமேற்கில். விமானமோ முதல் சில நிமிடங்கள் வங்காள விரிகுடாவை நோக்கிப் பறந்து, அதன்பிறகு வட்டமடித்துத் திரும்பிப் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் தெரிவது கடற்கரையாக இருந்தால் காரணம் இதுதான். அந்த நிமிடங்களில் லண்டனுக்கான தூரம் கூடிக்கொண்டே போகிறது.

பிறகு ஏற்றம். நீண்ட பயணத்துக்கு வயிறு முட்ட எரிபொருளோடு கிளம்பும் விமானத்தால் ஒரே மூச்சில் உச்சத்துக்குப் போக முடியாது. பத்து கிலோமீட்டர் உயரத்தைத் தொடவே இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். எரிபொருள் எரிந்து எடை குறையக் குறைய, சில மணி நேரத்துக்கு ஒரு முறை அறுநூறு மீட்டர் போல இன்னும் மேலே ஏறும். மேலே போகப் போகக் காற்று மெலிதாகும், உராய்வு குறையும், செலவு குறையும்.

அடுப்பைக் கூட்டினால் என்ன?

முதல் விசில் வந்ததும் பழகிய கை தானாகவே தீயைக் குறைக்கும். குக்கருக்குள் வெப்பம் எவ்வளவு ஏறலாம் என்பதை மேலே உள்ள வெயிட் தீர்மானிக்கிறது. தீயைக் கூட்டினால் விசில்தான் அடுத்தடுத்து வரும், அரிசி சீக்கிரம் வேகாது. கேஸ்தான் போகும்.

விமானத்துக்கும் ஒரு வெயிட் உண்டு. அதன் பெயர் ஒலியின் வேகம். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வெளியே மைனஸ் 56 பாகைக் குளிர். அந்தக் குளிரில் ஒலி மணிக்குச் சுமார் 1,060 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. நம் தலைமட்டத்தில் அது 1,200ஐத் தாண்டும். போயிங் 787 போன்ற விமானங்கள் ஒலியின் வேகத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கில் பறக்கின்றன. அங்கிருந்து வருவதுதான் அந்த 900 கிலோமீட்டர். உள்நாட்டுத் தடங்களில் ஓடும் ஏர்பஸ் 320 எழுபத்தெட்டுப் பங்கு, அதாவது 830 கிலோமீட்டர். ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க இறக்கையின் மேல் ஓடும் காற்று சில இடங்களில் ஒலியை முந்திவிடும். அங்கே அதிர்வலைகள் உண்டாகி உராய்வு மளமளவென்று ஏறும்.

குக்கரில் தீயைக் கூட்டினால் நேரமே மிச்சமாகாது. விமானத்தில் கொஞ்சம் மிச்சமாகும். எண்பத்தைந்தை எண்பத்தேழாக்கினால் லண்டன் பயணத்தில் பன்னிரண்டு நிமிடம் போலக் கிடைக்கலாம். அதற்குக் கொடுக்கும் எரிபொருள் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தின் விலைக்குக் கட்டுப்படியாகாது. தாமதமான விமானம் வானில் வேகமெடுத்து ஈடுகட்டிவிடும் என்று எதிர்பார்க்கிறோம். ஓரளவுதான் முடியும் என்பதற்குக் காரணம் இதுதான். மேற்கே போகும்போதும் கிழக்கே வரும்போதும் ஒரு மணி நேரம் வித்தியாசப்படுகிறதே, அதை விமானி எடுத்துக்கொடுப்பதில்லை. காற்று கொடுக்கிறது.

ஊறவைத்த கடலை

இரவே ஊறவைத்த கொண்டைக்கடலை ஐந்து விசிலில் வெந்துவிடும். ஊறாத கடலை பத்து விசிலுக்கும் அசையாது. அளவு ஒன்று, குக்கர் ஒன்று, தீ ஒன்று. கடலை வந்த நிலைதான் வேறு. வானத்தில் இந்த வித்தியாசத்தைச் செய்வது உயரத்தில் ஓடும் காற்றோட்டம்.

வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாட்டாலும் பூமியின் சுழற்சியாலும், ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று குறுகிய பட்டைகளாகப் பாய்கிறது. இதை ஜெட் ஸ்ட்ரீம் என்கிறார்கள். குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் ஈரானுக்கும் மேலே இது மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது சகஜம். விமானங்கள் பறப்பதும் அதே உயரத்தில்தான்.

இந்தக் காற்றோட்டத்தின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் பார்க்கலாம். விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து எப்போதும் 900 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது. அந்தக் காற்றே தரையைப் பொறுத்து நகர்கிறது. எதிரே வந்தால் தரைவேகம் 800, கூடவே வந்தால் 1,000. நாலாயிரம் கிலோமீட்டர் தூரத்துக்கு எதிர்காற்றில் ஐந்து மணி நேரம், பின்காற்றில் நாலு மணி நேரம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும். இருக்கையின் முன்னால் உள்ள திரையில் தரைவேகத்தைப் பார்த்தால் மட்டும் தெரியும்.

இந்த வித்தியாசம் உச்சத்துக்குப் போனது நியூயார்க்–லண்டன் தடத்தில். 5,540 கிலோமீட்டர் தூரத்துக்குச் சாதாரணமாக ஏழு மணி நேரத்தை ஒட்டி அட்டவணை போடுவார்கள். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஒலியை அது முந்தவில்லை. அதைச் சுற்றியிருந்த காற்று அவ்வளவு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

இதைவிட எனக்கு வியப்பாகத் தோன்றுவது டெல்லி–சான் பிரான்சிஸ்கோ தடம். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா அந்த விமானத்தின் திசையையே மாற்றியது. அதுவரை மேற்கே ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் போய்க்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டுக் கிழக்கே பசிபிக் வழியாகச் சுமார் 15,300 கிலோமீட்டர் பறக்கத் தொடங்கியது. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது, பழைய வழியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்பாக. வழியெல்லாம் பின்காற்று.

மேற்கத்திக் காற்றுக் கணக்கைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காலத்தில், தென்னிந்தியாவின் மேல் வானத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்கிறது. அதன் உச்ச வேகம் பதினாலு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில், கிட்டத்தட்டச் சென்னையின் அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. இந்த வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டத்தை 1950களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். விமானங்கள் அதன் நடுமையத்துக்குக் கீழே பறந்தாலும் அதன் அடிப்பகுதி அவற்றைத் தொடுகிறது. அதனால் ஜூலையில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. கிழக்கே போனால் சீக்கிரம் என்ற பொதுவிதி இங்கே தலைகீழாகிறது. நம் தலைக்கு மேலே இப்படி ஒரு பெருங்காற்று ஆண்டுதோறும் ஓடுவதைப் பள்ளிப் பாடத்தில் இன்னும் நன்றாகச் சொல்லித்தரலாம் என்பது என் ஆசை.

ஆவி அடங்கும்வரை

பசி எடுத்தவர்கள் குக்கரைத் திறக்கத்தான் துடிப்பார்கள். ஆவி அடங்கும்வரை மூடி அசையாது, அசைக்கவும் கூடாது. விமானத்தின் கடைசி அரை மணி நேரமும் அப்படிப்பட்டது. பதினோரு, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்க, ஊருக்கு 200 முதல் 250 கிலோமீட்டர் முன்பே இன்ஜினைத் தணிக்க வேண்டும். பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் பெரும்பாலான இடங்களில் வேகம் மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஓடுபாதையைத் தொடும்போது 260, 270 அளவில் இருக்கும். அதுவரை நாலு நிமிடத்தில் அறுபது கிலோமீட்டர் தாண்டிக்கொண்டிருந்த விமானம், கடைசி அறுபதுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறது.

லண்டன் ஹீத்ரோவில் இதோடு வரிசையும் சேரும். உலகின் மிக நெரிசலான விமான நிலையங்களில் ஒன்று அது. இருப்பதோ இரண்டே ஓடுபாதை. வரிசை நீண்டால் ஊரைச் சுற்றி நாலு மூலைகளில், போவிங்டன், லாம்போர்ன், பிகின், ஆக்கம் என்ற நாலு இடங்களுக்கு மேலே விமானங்கள் வட்டமடித்துக் காத்திருக்கும். ஒன்றுக்கு மேல் ஒன்று, நடுவே ஆயிரம் அடி இடைவெளி. ஒரு சுற்றுக்கு நாலு நிமிடம். கீழே உள்ளது இறங்கப் போனதும் மற்றவை ஒவ்வொன்றாக ஆயிரம் அடி இறங்கும். லண்டனை நெருங்கிய பிறகு ஜன்னலில் சூரியன் இடமும் வலமுமாக மாறி மாறித் தெரிந்தால் நீங்கள் அந்த வரிசையில் இருக்கிறீர்கள். இறங்கிய பின் வாசலுக்கு ஊர்ந்துபோகப் பத்து நிமிடம், வாசலில் வேறு விமானம் நின்றால் இன்னும் பத்து.

இத்தனை நிச்சயமின்மையையும் வைத்துக்கொண்டு விமான நிறுவனங்கள் எப்படி ஆறு மாதம் முன்கூட்டியே நேரம் குறிக்கின்றன? முந்தைய பருவங்களில் அதே தடத்தில் உண்மையில் ஆன நேரங்களைப் பார்த்து, பெரும்பாலான நாட்களில் சொன்ன நேரத்துக்குள் வந்துசேரும்படி கொஞ்சம் தாராளமாகப் போடுகின்றன. குறித்த நேரத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு. வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் பன்னிரண்டரைக்கு ஆகிவிடும் சமையலை ஒரு மணி என்று சொல்லிவைப்பது போன்ற ஏற்பாடு. இதில் தவறில்லை. அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு இது ஒரு பாதுகாப்பு. ஆனால் "இன்று அரை மணி முன்னாலேயே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வரும்போது, அதில் எவ்வளவு காற்று தந்தது, எவ்வளவு அட்டவணையிலேயே இருந்தது என்று பயணிக்குத் தெரியாது.

கைக்கணக்கு

இவ்வளவையும் சேர்த்து எந்த இரண்டு ஊருக்கும் நீங்களே கணக்குப் போடலாம். விமான நிலையங்களுக்கு இடையே உள்ள நேர்தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாலைத் தூரம் வேண்டாம். நீண்ட பயணமென்றால் சுற்றுவழிக்காக நூற்றுக்கு ஐந்து கூட்டுங்கள். உள்நாட்டு விமானமென்றால் 800ஆலும், பெரிய விமானமென்றால் 850ஆலும் வகுங்கள். முன்னும் பின்னும் ஆகும் நேரத்துக்கு நாற்பது நிமிடம் சேருங்கள்.

பெங்களூருக்கு வகுத்து வருவது இருபது நிமிடம், நாற்பதைச் சேர்த்தால் ஒரு மணி. கொழும்பு 647 கிலோமீட்டர், கணக்குப்படி ஒன்றரை மணி. சிங்கப்பூர் 2,920 கிலோமீட்டர், நாலு மணிக்கு மேலே சில நிமிடம், சுற்றுவழியைச் சேர்த்தால் நாலேகால். லண்டன் 8,230, ஐந்து சதவீதம் கூட்டினால் 8,640. வகுத்தால் பத்து மணி பத்து நிமிடம், நாற்பதைச் சேர்த்தால் பத்து மணி ஐம்பது நிமிடம். டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேற்கே போகும் நீண்ட பயணத்துக்கு இது பொருந்தும். திரும்பி வரும்போது அரை மணியிலிருந்து ஒரு மணிவரை கழித்துக்கொள்ளலாம், குளிர்காலத்தில் கூடுதலாக.

டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களைக் கழித்துப் பயண நேரம் கண்டுபிடிக்கப் போனால் மட்டும் கணக்கு உதைக்கும். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். இந்தியா லண்டனைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் முன்னால் இருக்கிறது. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றிவைக்கிறார்கள்.

இந்தக் கைக்கணக்கு ஜெட் விமானத்துக்கானது. பாத்திரம் மாறினால் நேரமும் மாறும். யாழ்ப்பாணம் சென்னையிலிருந்து 355 கிலோமீட்டர்தான், கொழும்பைவிட மிக அருகில். யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலியில் இறங்குவது ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில். வகுத்தால் நாற்பத்து மூன்று நிமிடம். பத்து, பதினோரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற வேண்டியதில்லை, பலாலியில் வரிசையும் இல்லை, முப்பது நிமிடம் சேர்த்தால் போதும். ஒன்றேகால் மணி நேரம்.

இந்த 355 கிலோமீட்டருக்குப் பல பத்தாண்டுகள் விமானமே இல்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டியவர் அதன் மேலாகப் பறந்து கொழும்பில் இறங்கி, அங்கிருந்து சாலையிலோ ரயிலிலோ கிட்டத்தட்ட நானூறு கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். ஒரு பகல் முழுக்கப் போய்விடும். போர்க்காலத்தில் அந்தச் சாலையே நெடுநாள் மூடிக்கிடந்தது. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அந்த நவம்பரில் சென்னை விமானங்கள் ஓடத் தொடங்கின. நாலே மாதத்தில் கொரோனா வந்து நின்றன. 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கின. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோ நிறுவனமும் தினமும் பறக்கத் தொடங்கியது.